சர்க்கரை போடாத டீ

அப்பாவின் தங்கப்பல்லில் சர்க்கரை பட்டால்தான் அவருடைய காதுக்கருவிக்கு மின்சாரம் கிடைக்கும். அதனால் அம்மாவோடு சண்டை வந்தால் டீயில் சர்க்கரை போடமாட்டார். இந்த முறை மூன்று நாளாகப் போடவில்லை. "அம்பத்தஞ்சு வயசுல உனக்கெதுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ்?" என்று அவர் கேட்டதில் வந்த சண்டை.

இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு மைசூர்பாகை அவர் வாயில் திணித்தாள். பத்து விநாடி பொறுத்தாள்.

"பாஸாயிட்டேங்க! எட்டுப் போட்டேன், கால் ஊனவே இல்ல!"

அப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"இது சீக்கிரம் கரைஞ்சிடும் பவளம். கடலைமிட்டாய் இருந்தா குடு, பல்லுல ஒட்டிக்கிட்டு நிக்கும். குடுத்துட்டு, முதல்லேருந்து சொல்லு."