கப்பலில் போனவரின் விலாசம்

வாப்பாவின் தகப்பனார் 1961-இல் சரக்குக் கப்பல் வேலைக்குப் போனார். கப்பல் மூழ்கிவிட்டது. வாப்பா அப்போது வயிற்றுப் பிள்ளை. இறந்த தேதி தெரியாததால் அவருக்கு ஒரு வருஷ பாத்திஹாகூட எங்கள் வீட்டில் ஓதியதில்லை.

"கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் ஓதிரணும்ளா" என்பார் வாப்பா.

வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான். பழைய கப்பல் பதிவேடுகள் இருக்கும் ஆபீஸுக்கு மூன்று மாதம் அலைந்து, சத்தம் போட்டு, நகல் வாங்கினேன்.

கப்பலில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேருக்கு ஒரே இறந்த தேதி. வாப்பாவின் தகப்பனாருக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி.

"மத்தவங்க தேதியிலயே ஓதிருவோம் வாப்பா. ஒரே கப்பல்தானே?"

"வீட்டு விலாசம் என்ன போட்டிருக்கு?"

வாசித்தேன். தாராவி, எங்கள் சந்து, எங்கள் ரூம் நம்பர், பின்கோடு. இந்த ரூமை வாப்பா கட்டியது 1988-இல். பின்கோடு என்பதே 1972-இல்தான் வந்தது. பிறகு எவனோ எழுதியிருப்பான் என்றேன். ஆனால் பக்கம் முழுக்க ஒரே கையெழுத்து.

வாப்பா பாத்திஹாவுக்கு வாங்கிய ஊதுபத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மறுநாள் குடிசைக் கணக்கெடுப்புக்கு வந்தவர், வீட்டில் எத்தனை பேர் என்று இந்தியில் கேட்டார். உம்மா போனபின் நாங்கள் இரண்டே பேர்.

"ஏளா, மூணுன்னு சொல்லு," என்றார் வாப்பா. "வந்தா படுக்க இடம் வேணும்லா?"

மூன்று என்றேன். மூன்றாவது ஆளின் வயதைக் கேட்டார். பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். இருபத்து மூன்று.