கடைசி கேக்

"பொண்டாட்டியைக் கொன்னுட்டு எவ்வளவு சாவகாசமா பால் வாங்கிட்டுப் போறான் பாருக்கா!"

தம்பி கைப்பேசியை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினான். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா அதைத் தலையணை உறையால் ஒதுக்கினாள்.

"பால் வாங்கினா கொலைகாரனாடா? நானும்தான் தினம் வாங்கறேன்."

"ரெண்டு பாக்கெட் வாங்கறான். வீட்ல இருக்கறது ஒரே ஆளு. ரெண்டு எதுக்கு?"

"பூனை வளர்க்கிறானோ என்னவோ. இதையா நாலாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கறீங்க?"

தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி ஒன்று விற்றுப் பல மாதம் ஆகிறது. ஆனால் இணையத்தில் அவன் நடத்தும் துப்பறியும் குழுவில் வெறும் 'ஏஜென்ட்' என்றால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். கேக்காரம்மா காணாமல் போனதிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வருத்தத்தால் அல்ல, குஷியால்.

கேக்காரம்மா வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்றவள். ஒரு நாள் போனவள் திரும்பவில்லை. புருஷன் பெயின்ட் கடைக்காரன். உடல் பெயின்ட் டிரம்முக்குள் இருக்கிறது என்று குழுவில் ஒரு கட்சி, கடைத் தரைக்கு அடியில் என்று இன்னொரு கட்சி. வீட்டில் தொலைந்த சாவியைத் தேடத் துப்பில்லாதவர்கள் எல்லாம் ரத்தக்கறையைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள். யாரோ கடைக் கண்ணாடி மீது கல்லை விட்டார்கள். அவன் வாயே திறக்காமல் உடைசலைப் பெருக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தான். திமிரைப் பார் என்றார்கள்.

"போலீஸே விசாரிச்சு மூடிட்டாங்களேடா."

"காசு வாங்கியிருப்பாங்க."

"அவ எங்கேயோ நல்லா இருக்கான்னு தெரிஞ்சு மூடியிருப்பாங்க. சொல்லாம கொள்ளாம போறவளுக்கு ஏதாவது காரணம் இருக்கும். விட்டுத் தொலை."

"உனக்கென்ன தெரியும்? கழுகே சொல்லிட்டான். அவன் பக்கத்து வீட்டுக்காரன்க்கா. அவ அழற சத்தத்தைத் தினம் காதால கேட்டவன். பயந்துகிட்டுப் பேரைக்கூட வெளியே சொல்ல மாட்டேங்கறான்."

இது கொலைதான் என்று குழுவில் முதலில் எழுதியது அந்தக் கழுகுதான். புது யோசனை ஒன்றும் அவனுடையதே. கேக்காரம்மாவுக்கு இடது கைப்பழக்கம். அவள் கிரீமில் சுற்றும் ரோஜாவின் இதழ்கள் மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அப்படிப்பட்ட கேக் படம் யாரிடம் இருந்தாலும் அனுப்புங்கள், கடைசி கேக்கின் தேதி தெரிந்தால் கொலை நடந்த நாள் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தான். அதிலிருந்து நாலாயிரம் பேரும் ஊர் ஊராகக் கேக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பியின் கைப்பேசி ஒலித்தது. பார்த்தவன் சாவு வீட்டில் உட்கார்வது போல அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா ஆச்சு?"

"எதிர்ப்பக்க ரோஜா. போன வாரம் செஞ்ச கேக். ஏதோ ஒரு ஊர்ல, சின்ன பேக்கரி. நம்ம ஆளு ஒருத்தன் நேர்லயே போய்ப் பார்த்துட்டான்." தம்பி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "அவ உயிரோட இருக்காக்கா."

"நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறே?"

"டிரம்முன்னு அடிச்சுச் சொல்லி வீடியோ போட்டேனேக்கா..."

துக்கம் ஒரு காபி குடிக்கும் நேரம்தான் நீடித்தது. அதற்குள், 'காணாமல் போனவரைக் கண்டுபிடித்தது நம் குழு' என்று தலைப்பு ரெடியாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்கத்தான். பாவம்க்கா, எவ்வளவு கல்லடி பட்டிருக்கார்!"

சற்று முன்பு வரை 'அவன்', இப்போது 'அவர்'. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மன்னிப்புக் கேளு, தப்பில்லே. ஊர் பேரை மட்டும் உளறிடாதே. முதல்ல அவளைக் கேளு, சொல்லலாமா கூடாதான்னு."

"கண்டுபிடிச்சது நாங்க. அவளை எதுக்குக் கேட்கணும்?" என்றபடி தம்பி செருப்பைத் தேடினான்.

பெயின்ட் கடையில் அவன் செய்த முதல் காரியம், கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டதுதான்.

"சார், எங்களை மன்னிச்சிடுங்க. உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்க. இதோ பேக்கரி விலாசம். விடியக்காலைல தனியா வந்துதான் கடையைத் திறப்பாங்களாம். அப்போ போனீங்கன்னா தொந்தரவில்லாம பேசலாம்."

கடைக்காரர் துண்டுச்சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

"ரொம்ப நன்றி தம்பி. போலீஸ்ல எவ்வளவு கெஞ்சியும் இந்த விலாசத்தை மட்டும் தர மாட்டேன்னுட்டாங்க."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறக்காமல் அவரோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கடைக்காரர் பட்டப்பகலிலேயே ஷட்டரை இறக்கிப் பூட்டினார். ஓடிப்போனவளைத் தேடித் தாருங்கள் என்று கேட்டிருந்தால் ஒருவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். பிணம் என்றதும் நாலாயிரம் பேர் கூலி வாங்காமல் தேடித் தந்துவிட்டார்கள். விடிவதற்குள் அந்த ஊரில் கொண்டுபோய் விடும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கைப்பேசியை எடுத்து, 'கழுகு' என்ற பெயரில் தான் இருந்த குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.