மண்ணோடு விட்டது

குப்புறப் படுத்து, ஏழாவது தண்டைச் சுற்றி ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுத் தடவினேன்.

பை இல்லை.

"ஏழு ஓகே!" என்று கத்தினேன்.

"எட்டு இங்க இருக்கு, விஞ்ஞானி சார்." விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

விஷயம் இதுதான். காலையில் ஆறு மணிக்கே காட்டுக்கு வந்து, இதே இடத்தில் பதினாலு வெள்ளைக் காளான்களை அறுத்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் இன்னும் விரியாத மொட்டுகள். கூடையில் மண் ஒட்டக் கூடாதென்று ஒவ்வொன்றையும் தரையோடு தரையாகக் கத்தியால் சீவியெடுத்தேன். வீட்டுக்குப் போனதும் படம் எடுத்து எங்கள் காளான் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

எழுந்து பார்த்தால் பாராட்டு குவிந்திருக்கும் என்று நினைத்தேன். குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒரே கேள்வி அனுப்பியிருந்தார்: அடி எங்கே?

அடி மண்ணில் இருந்தது.

நல்ல காளானும் ஆளைக் கொல்கிற காளானும் மொட்டாக இருக்கும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கொல்கிற காளானுக்கு மட்டும் தண்டின் அடியில், மண்ணுக்குள், உடைந்த முட்டை ஓடு போல ஒரு பை இருக்கும். எட்டு மாதமாக இதைக் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அந்த அடியைத்தான் காட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இன்று ராத்திரி சமையல் என்னுடையது என்று ஒரு வாரமாகத் தம்பட்டம் வேறு அடித்திருந்தேன். "உன் காளானைத் தின்னுட்டுப் போய்ச் சேர்றதுக்கா எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்க?" என்று அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் தனியாகச் சமைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

அதனால் பதினாலு தண்டையும் தேடிப் பிடித்து, ஒன்றில்கூடப் பை இல்லை என்று காட்டியாக வேண்டும். ஒன்றே ஒன்றில் இருந்தாலும் கூடை மொத்தமும் குப்பைக்குத்தான். எந்தக் காளான் எந்தத் தண்டினுடையது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

மருந்துக்கடைக்காரரின் கேள்வியை நான் சத்தமாகப் படித்ததுமே அண்ணி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாத்திரம் தேய்ப்பதிலிருந்து தப்பிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கூடையில் பன்னிரண்டுதான் இருந்தது. இரண்டு எங்காவது உருண்டிருக்கும். எங்கள் சமையலறையில் காணாமல் போகாத பொருளே கிடையாது.

எட்டில் பை இல்லை. ஒன்பதிலும் பத்திலும் இல்லை. அண்ணிக்கு என்னைவிடக் கூர்மையான கண். வெட்டுப்பட்ட தண்டு காசு அளவுக்குத்தான் தெரியும், அதுவும் லேசாகப் பழுப்பேறிப்போய். அதைச் சருகுக்கு நடுவில் டக்கென்று கண்டுபிடித்துவிடுகிறாள். வழக்கமாக ஓயாமல் கிண்டல் செய்கிறவள், பதினொன்றுக்குப் பிறகு பேச்சைக் குறைத்துவிட்டாள். முட்டி வலிக்கிறது போல.

பதிமூன்றும் சுத்தம்.

பதினாலாவது ஒரு வேரை ஒட்டி இருந்தது. ஸ்பூனால் மண்ணை மெல்ல விலக்கினேன். தண்டு கீழே போகப் போகத் தடித்தது. அதைச் சுற்றி வெள்ளையாக, கிழிந்த விளிம்போடு, பை.

"சிக்கிட்டான்! அண்ணி, ஓடி வாங்க, சிக்கிட்டான்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தேன். சமையல் போனால் போகட்டும், குழுவில் யாருக்கும் இது கிடைத்ததில்லை. ராத்திரிக்குள் தெரிந்துவிட்டதே, அது எவ்வளவு பெரிய விஷயம்!

அண்ணி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதைச் சாப்பிட்டா உடனே தெரிஞ்சிடுமா?"

இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தானே எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன். "அங்கதான் அண்ணி இருக்கு சூட்சுமமே! ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், சில பேருக்கு அதுக்கும் மேல, ஒண்ணுமே தெரியாது. ஜாலியா சுத்திட்டு இருப்பாங்க. அப்புறம் வாந்தி, பேதி. அப்புறம் சரியாயிட்ட மாதிரி இருக்கும். ஆனா உள்ள கல்லீரல் போயிட்டே இருக்கும்."

"முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா?"

"அப்பப் பிழைக்கறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா எவன் போவான்? நல்லா இருக்கறவன் எதுக்குப் போகப்போறான்?"

அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு கையையும் நிதானமாகக் கழுவினாள். கைக்குட்டையை என் முன்னால் விரித்தாள்.

"அதை உடையாம, மண்ணோடவே தோண்டி இதுல வை. டாக்டருக்குக் காட்டணும்."

"எந்த டாக்டருக்கு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப மணி ஒண்ணு. ஒன்பதரைக்கு முட்டையில ரெண்டு நறுக்கிப் போட்டேன். வேற யாருக்கும் கொடுக்கல. வீட்ல ஒருத்தர்கூட உன்னை நம்பலையே, அதான் நான் சாப்பிட்டேன்."

ஸ்பூனை ஆழமாக இறக்கி, பையை மண்ணோடு பெயர்த்துக் கைக்குட்டையில் வைத்தேன்.

ஸ்கூட்டர் சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, புடவையில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டு அண்ணி எழுந்தாள்.

"ரொம்ப ருசியா இருந்துச்சு, தம்பி."