மடிப்புக்குள் காவல்

பீரோவின் மேல்தட்டில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருந்தது. லடாக் போவதற்கென்றே வாங்கியது. கோடை வந்தால் வீட்டில் பேச்சு தொடங்கும்: எந்தக் கணவாய் வழியாகப் போவது, மூச்சுத் திணறினால் என்ன மாத்திரை, அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் ஒட்டகம் உண்டா. கோடை முடிந்தால் பேச்சும் முடிந்துபோகும்.

ஸ்வெட்டரின் மடிப்புக்குள் ஒரு பாச்சை உருண்டை காவல் இருந்தது.

"தள்ளிப் படு அண்ணே. உன் நாற்றம் ஒட்டினால் அங்கே என்னை எவன் போடுவான்?" என்று ஸ்வெட்டர் அலுத்துக்கொள்ளும்.

"நான் தள்ளிப் படுத்தால் பூச்சி உன்னை அரித்துவிடும். ஓட்டையோடு மலை ஏறுவீர்களா, துரை?" என்று உருண்டை சிரிக்கும்.

"சரி சரி, போகும்போது உன்னையும் கூட்டிப்போகிறேன். ஒரு மூலையில் ஒடுங்கிக்கொள்."

"பார்க்கலாம்டா."

கோடைக்குக் கோடை உருண்டை இளைத்தது. கோலிக்குண்டாக இருந்தது மிளகளவு ஆயிற்று. பயண யோசனையில் கிடந்த ஸ்வெட்டர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒருநாள் நிஜமாகவே பெட்டியை இறக்கினார்கள். "அண்ணே, கிளம்பு!" என்று ஸ்வெட்டர் கூவியது. வீட்டுக்காரர் மடிப்பை உதறினார். எதுவும் விழவில்லை.

மரமே இல்லாத அந்த மலைவெளிக்குப் போய்ச் சேர்ந்ததும், "சே, என்ன நாற்றம்!" என்று அவர் ஸ்வெட்டரைக் கொடியில் காயப் போட்டார். வறண்ட காற்று சுழன்று வீசியது. ஓர் இழைகூட அரிக்கப்படாத ஸ்வெட்டர், காற்றில் புரண்ட தன் இரு கைகளையும் மார்போடு சேர்த்து, மிச்சமிருந்த அந்த நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்த்தது.