பிடித்தவர் பெயர்

அந்த இழுப்பறையில் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டுகள் என்கிறது பதிவேடு. அவள் மூன்று முறை எண்ணியும் இருநூற்றுப் பதின்மூன்று வந்தது.

“கூடினா என்ன மேடம், குறைஞ்சாத்தானே தலைவலி?” என்றார் உடன் வேலை பார்ப்பவர்.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு வண்டையும் குத்தி வைத்திருக்கும் ஊசியில் ஒரு துண்டுச்சீட்டு செருகியிருக்கும். கிடைத்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். முன்பு தம்பி பிடித்துத் தந்த அபூர்வமான பச்சை வண்டுக்கு அவள் தன் பெயரை எழுதிவிட்டாள். “யார் பேரு போட்டா என்னடா?” என்று வேறு கேட்டாள். “ஒண்ணுமில்லக்கா, நீயே வச்சுக்க” என்று போனவன், அதன்பின் அவள் வீட்டு வாசல்படியை மிதிக்கவே இல்லை. போன வருடம் தவறிப்போனான்.

கூடுதலாக இருந்த வண்டும் பச்சைதான். சீட்டில் தம்பியின் சாய்ந்த கையெழுத்து. இடம், அக்கா வீட்டு வாசல். தேதி, நேற்று. நேற்று மாலை அழைப்புமணி மூன்று முறை அடித்தது. ஏதோ விற்க வந்திருப்பார்கள் என்று அவள் எழுந்திருக்கவில்லை.

இப்போதாவது அவன் பெயரை எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தாள். பிடித்தவர் என்ற இடம் காலியாக இல்லை. அங்கே அதே சாய்ந்த கையெழுத்தில் அவள் பெயர் இருந்தது.