ஈரல் வாசனை மாத்திரை

"எத்தனை மாத்திரை போச்சு? மழுப்பாம சொல்லுங்க, அப்பதான் காப்பாத்த முடியும்."

டாக்டரம்மா கேட்டது அவளை. அவள் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். மேசைமேல் படுத்திருந்த நாயும் அவனைத்தான் பார்த்தது.

பீரங்கி என்று அதற்குப் பெயர். குரைத்தால் தெருக்கோடியில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. பின்னங்கால் மூட்டு தேய்ந்து அது நொண்ட ஆரம்பித்ததும், போன மாதம் இதே டாக்டரம்மாதான் வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார். நாய் துப்பாமல் தின்ன வேண்டுமே என்று ஈரல் வாசனை சேர்த்த மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு ஒன்று. அதற்குமேல் கூடவே கூடாது.

அவள் விடிந்ததும் தையல் கம்பெனிக்கு ஓடுகிறவள். அவன் குடோனில் மூட்டை தூக்குகிறவன், சற்றுத் தாமதமாகக் கிளம்புவான். அதனால் மாத்திரை கொடுப்பது அவன் பொறுப்பு.

இன்று காலை அவள் பின்கதவைத் திறந்தாள். படியில் காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டினாற்போல் கறுப்பாக வாந்தி. பக்கத்திலேயே பீரங்கி படுத்து முனகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மாத்திரை டப்பாவைத் திறந்தால், பாதியாவது இருக்க வேண்டிய டப்பா காலி. நாயைத் தூக்குங்க என்று கத்தினாள். மூட்டை தூக்குகிற அந்தக் கை ஏனோ நாயைத் தூக்க வரவில்லை. அவளேதான் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"கேக்குறாங்க இல்ல? நாக்கை எங்க அடகு வச்சிட்டு வந்தீங்க?"

கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்காமல் சொன்னான். "கூடத்தான் போயிடுச்சு. ரெண்டு, மூணு... சில நாள் நாலு."

"நாலா!" அவள் நெஞ்சில் கை வைத்தாள். "பாசம் வேண்டியதுதான், அதுக்காக உசுரையா எடுப்பாங்க? உங்களுக்கே வயித்துப் புண்ணுன்னு டாக்டர் சொன்னப்ப, வீட்ல இருந்த வலி மாத்திரை எல்லாத்தையும் வாரிக் குப்பையில கொட்டினவ நான். அதுக்கப்புறமும் புத்தி வரலியே?"

"வலி தாங்க முடியல. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல."

"வாயில்லாத ஜீவன். தூக்கம் வரலன்னு உங்க காதுல வந்து சொல்லிச்சாக்கும்!"

டாக்டரம்மா இரண்டு பேரையும் கையமர்த்தினார். "வலி போகுதேன்னு அளவைக் கூட்டினா, இந்த மாத்திரை முதல்ல வயித்தைத்தான் அரிக்கும். உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும். வாந்தி கறுப்பா வர்றது அதனாலதான். அப்புறம் கிட்னி. ரத்தம் ரொம்பப் போயிட்டா ஈறெல்லாம் வெளுத்துடும்."

"அப்படி ஆயிட்டா... பொழைக்க வைக்க முடியுமா டாக்டர்?" அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உடனே பார்த்தா முடியும். நேரம் போச்சுன்னா என் கையில இல்ல."

தலைக்குமேல் மின்விசிறி சுற்றியும் அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

"இப்ப வேர்த்து என்ன பிரயோஜனம்?" என்றாள் அவள்.

டாக்டரம்மா நாயின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அங்கே ஏதோ மெஷின் உறுமியது. இங்கே மூன்று உயிரும் காத்திருந்தன. பீரங்கி மட்டும் மேசையைவிட்டு இறங்கி அவனிடம் போகத் திமிறிக்கொண்டே இருந்தது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க டாக்டர்," அவர் திரும்பி வந்ததும் சொன்னாள். "இவ்வளவு பண்ணினவர்கிட்டதான் போகணுமாம் இதுக்கு. கொஞ்ச நாளாவே இவரு வாயை நக்குறதுதான் வேலை. கட்டினவ நானே கிட்ட போக முடியல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையில் ரிசல்ட் இருந்தது. நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தார். பீரங்கி வாலை ஆட்டியது.

"நொண்டல் குறைஞ்சிருக்கா?"

"எங்க டாக்டர்? முன்னைவிட இப்ப ஜாஸ்தி."

"அதான் எனக்குப் புரியல. இத்தனை மாத்திரை தின்ன நாய்க்கு நொண்டலாவது குறையணும். ரத்தத்துல குறையே இல்ல. கிட்னி, வயிறு எல்லாம் நல்லா இருக்கு. இது வாந்தி எடுத்த நாயே இல்லம்மா. வீட்ல வேற நாய் இருக்கா?"

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள்.

"இந்த ஒண்ணுக்கே எங்களுக்கு நாக்குத் தள்ளுது, இதுல வேற நாயா! எங்க வீட்ல இருக்கிறதே இது, நான், அப்புறம் அவரு..."

பாதியில் நின்றாள். பிடி தளர்ந்தது.

பீரங்கி சரிந்து இறங்கி, நொண்டி நொண்டிப் போய், பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடந்தவனின் வாயை முகர்ந்து நக்கியது.

"இடுப்பு போச்சுன்னு தெரிஞ்சா குடோன்ல நிறுத்திடுவாங்க," என்றான் அவன். "ஒரு நாய்க்கே ஒண்ணும் பண்ணாத மாத்திரை, ஆளை என்ன பண்ணிடப்போகுதுன்னு..."

பேசத் திறந்த அவன் வாயில் ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.