கவிழ்த்துப் போட்ட பரிசல்

ஊர் மைக்கில் அறிவிப்பு முடிந்ததும் அவள் வாசலில் நின்று கரையைப் பார்த்தாள்.

ஆற்றில் நீர்வரத்து குறைந்துவிட்டதாம். இன்று முதல் பரிசல் ஓட்டத் தடை இல்லையாம்.

உண்மைதான். நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லின் சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே வந்திருந்தது. அது முங்கிக் கிடந்தவரை யாரும் தொழிலுக்கு ஆற்றில் இறங்கவில்லை. எல்லாப் பரிசலும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் வீட்டுப் பரிசலும் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடந்தது.

வெள்ளம் வடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

இப்போது ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். தலைமேல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள்.

அவள் புருஷனுடையது மட்டும் மிச்சம்.

ஆற்றில் கவிழ்ந்தால்தான் கெட்ட சேதி. கரையில் கவிழ்ந்து கிடந்தால் ஆள் கரையேறிவிட்டான் என்று அர்த்தம். மேட்டு வீட்டுப் பெண்களுக்கு வேறு தகவல் வேண்டாம். வாசலில் நின்று கீழே ஒரு பார்வை. போதும்.

அவளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டி இறக்கவும், அவன் மேடேறி வரவும் சரியாக இருக்கும். களி ஆறிவிட்டால் அந்த மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வயிறு நிறைந்தால் கேலி வரும். "ஆத்துல நான் துடுப்பு போடறேன், அடுப்புல நீ துடுப்பு போடற" என்பான். தினமும் அதே கேலிதான். தினமும் அவள் சிரிப்பாள்.

வெள்ளம் வந்த அன்றும் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்தது.

காலையில்தான் அதற்குத் தார் பூசியிருந்தான். காயும்வரை அவனுக்கு வேலையில்லை. எங்கே போய்விடப் போகிறான் என்று களியைக் கிண்டினாள்.

மேலே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். சிவப்புக் கோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கியது. நடு ஆற்று மணல்திட்டில் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. அவன் தம்பி மாதையன் காய்ச்சலில் படுத்திருந்தான். தம்பியின் பரிசலை எடுத்துக்கொண்டு அவன் போனான்.

திரும்பும் வழியில் சுழல்.

குடும்பம் மொத்தமும் லைஃப் ஜாக்கெட்டில் மிதந்து கரைசேர்ந்தது. அவன் உடம்பில் அது இல்லை. தார் காயாத பரிசலுக்கு அடியில் இருந்தது.

"போட்டோ புடிக்கவா குடுத்திருக்கு? மாட்டுங்க சாமி" என்று ஏறுகிறவர்களையெல்லாம் அதட்டுகிறவன்.

சேதி கொண்டுவந்தவர்களை அவள் நம்பவில்லை. களித் துடுப்பும் கையுமாக வாசலுக்கு வந்து கீழே காட்டினாள்.

"அந்தா, அவரு பரிசல் கவுந்துதான கெடக்குது!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு.

அன்றைய களியை யாரோ நாய்க்குப் போட்டார்கள். பிறகு அவள் களி கிண்டவில்லை.

இப்போது மாதையன் மேடேறி வந்து வாசலில் நின்றான். அவன் பரிசல் ஆற்றோடு போய்விட்டது. வீட்டில் கைக்குழந்தை. அண்ணனுடையதைக் கேட்கத்தான் வந்திருந்தான்.

"அண்ணி..."

கீழே கிடந்த பரிசலைப் பார்த்தான்.

அதைக் கொடுத்துவிட்டால் கரையில் புருஷனுக்கென்று ஒன்றும் இருக்காது. வாசலில் நின்று பார்க்க அவளுக்கு எதுவும் இருக்காது. வெட்கம்கெட்ட மனது, அது கவிழ்ந்து கிடக்கும்வரை அவன் வருவான் என்றே இருந்துவிட்டது.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தார் காய்ந்து இறுகியிருந்தது. புருஷன் பூசியது, ஒரு சொட்டு உள்ளே வராது. அடியில் புல் வெளுத்துக் கிடந்தது. துடுப்பு இருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் மடித்தது மடித்தபடி இருந்தது.

மாதையன் அதைத் தொடவில்லை.

அவள் எடுத்து உதறினாள். அவனுக்கு மாட்டிவிட்டாள். பட்டைகளை இறுக்கிப் பூட்டி, ஒருதரம் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"வந்ததும் கவுத்துப் போட்டுட்டு அப்படியே போயிராத. மேல வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

அவன் தலையாட்டினான். அழுதான்.

பகல் முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மைக் கரகரக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தாள். கல்லைப் பார்த்தாள். கோடு தெரிந்தது. உள்ளே போனாள். நம்பாமல் திரும்ப வந்து பார்த்தாள். தெரிந்தது.

வெயில் தாழ்ந்தபோது பரிசல் கரைக்கு வந்தது. கவிழ்ந்தது.

அவள் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள். பரணிலிருந்து களித் துடுப்பை எடுத்துக் கழுவினாள். மாவை மட்டும் கொட்டவில்லை. வெறும் பரிசலைப் பார்த்து ஏமாந்தது போதும். ஆள் வரட்டும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

வாசலுக்கு வந்தாள்.

மேட்டுப் பாதையில் ஆரஞ்சு நிறம் ஏறி வந்துகொண்டிருந்தது. தோளில் துடுப்பு. ஒரு பக்கம் சாய்ந்த அதே நடை. அண்ணன் தம்பி இருவருக்கும் அது அப்பனிடமிருந்து வந்தது.

முகம் இன்னும் தெரியவில்லை.

தெரிகிற தூரத்துக்கு வருமுன் அவள் உள்ளே போய் மாவைக் கொட்டினாள்.